ஆடி மாத விழாக்களின் தேதிகள் எப்படிக் குறிக்கப்படுகின்றன?

ஒவ்வோர் ஆண்டும் ஜூலை பிறந்ததும் வீடுகளில் சில கேள்விகள் எழுகின்றன. ஆடி அமாவாசை ஓர் ஆண்டு ஆகஸ்டில் வந்ததே, மறு ஆண்டு ஏன் ஜூலையிலேயே வருகிறது? ஆடிப்பெருக்கு மட்டும் எப்போதும் ஆகஸ்ட் 3ஐ ஒட்டியே வருவது எப்படி? கிருத்திகை இரண்டு முறை வந்தால் எந்த நாளில் காவடி எடுப்பது? பதிலாகக் கைபேசியில் சுற்றிவரும் செய்திகள் பெரும்பாலும் தேதியை மட்டும் சொல்கின்றன, காரணத்தைச் சொல்வதில்லை. அதனால் நம் நாட்காட்டியே நிலையற்றது என்றும், பஞ்சாங்கம் கணிப்பவர்கள் தங்கள் விருப்பப்படி நாள் குறிக்கிறார்கள் என்றும் படித்தவர்கள்கூட எண்ணிவிடுகிறார்கள். உண்மையில் ஆடி மாத விழாக்களின் தேதிகள் மிகக் கட்டுப்பாடான விதிகளால் அமைந்தவை. ஒரே மாதத்துக்குள் நான்கு வகையான விதிகள் அருகருகே இயங்குவதுதான் குழப்பத்துக்குக் காரணம். அவற்றைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால், யாரையும் கேட்காமல் தினசரிக் காலண்டரின் தாளைப் பார்த்தே நாள் சொல்லிவிடலாம்.

சூரியன் வகுக்கும் மாதம்

வானில் சூரியன் ஓராண்டில் சுற்றிவருவதாகத் தோன்றும் வட்டப்பாதையை நம் முன்னோர் பன்னிரண்டு சம பகுதிகளாகப் பிரித்தனர். அந்தப் பகுதி ஒவ்வொன்றுக்கும் ராசி என்று பெயர். சூரியன் ஒரு ராசியில் இருக்கும் காலமே ஒரு தமிழ் மாதம். சூரியன் மேஷத்தில் நுழைவது சித்திரைப் பிறப்பு, மகரத்தில் நுழைவது தைப் பிறப்பு. அதே முறையில் சூரியன் கடக ராசியில் நுழைவது ஆடிப் பிறப்பு. அதைவிட்டுச் சிம்மத்துக்குச் செல்லும்போது ஆடி முடிந்து ஆவணி தொடங்குகிறது. தமிழ் மாதத்தின் எல்லைகளுக்குச் சந்திரனோடு எந்தத் தொடர்பும் இல்லை. அமாவாசையோ பௌர்ணமியோ எந்த நாளில் வந்தாலும் ஆடி தன் நாளில் பிறந்து தன் நாளில் முடியும். நம் மாதத்தைச் சந்திர மாதம் என்று பலர் எழுதுவது தவறு. தெலுங்கு, கன்னட நாட்காட்டிகள் சந்திர மாதத்தைப் பின்பற்றுகின்றன. தமிழ்நாடும் கேரளமும் சூரிய மாதத்தைப் பின்பற்றுகின்றன. நம் ஆடியும் மலையாளிகளின் கர்க்கடகமும் ஒரே ராசிக்கு உரியவை. சூரியன் ராசி மாறும் நேரத்தை எந்த நாளின் கணக்கில் சேர்ப்பது என்பதில் இருவருக்கும் விதி சற்று வேறுபடுவதால், சில ஆண்டுகளில் ஒரு நாள் முன்பின்னாகலாம்.

சூரியன் கடகத்தைக் கடக்க ஏறக்குறைய 31 நாளும் 28 நாழிகையும் ஆகின்றன. ஒரு நாழிகை என்பது 24 நிமிடம். ஆகவே 31 நாளுக்கு மேல் பதினோரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். நாட்காட்டியில் அரை நாளை எழுத முடியாது என்பதால் ஆடி சில ஆண்டுகளில் 31 நாளாகவும் சில ஆண்டுகளில் 32 நாளாகவும் அமைகிறது. 2023இல் ஜூலை 17 முதல் ஆகஸ்ட் 17 வரை 32 நாள். 2024, 2025 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் ஜூலை 17 முதல் ஆகஸ்ட் 16 வரை 31 நாள். மார்கழி 29 அல்லது 30 நாளில் முடிந்துவிட, ஆனியும் ஆடியும் நீண்டிருப்பதற்குக் காரணம் வானில் இருக்கிறது. பூமி சூரியனைச் சுற்றும் பாதை சரியான வட்டமன்று. ஜூலைத் தொடக்கத்தில் பூமி சூரியனிலிருந்து மிகத் தொலைவில் இருப்பதால் மெதுவாக நகர்கிறது. ஜனவரித் தொடக்கத்தில் மிக அருகில் இருப்பதால் வேகமாக நகர்கிறது. தொலைநோக்கி இல்லாத காலத்திலேயே இந்த வேறுபாட்டைக் கண்டறிந்து மாதங்களின் நீளத்தில் பதித்துவைத்தவர்களை நினைத்தால் மனம் நெகிழ்கிறது.

சுருக்கமாகச் சொன்னால், ஆடி என்பது சூரியன் கடக ராசியில் இருக்கும் 31 அல்லது 32 நாள். அது ஆங்கில நாட்காட்டியின் ஜூலை நடுப்பகுதியில் தொடங்கி ஆகஸ்ட் நடுப்பகுதியில் முடிகிறது.

மாத நாளால் வருபவை: ஆடி ஒன்றும் பதினெட்டும்

முதல் விதி எளிமையானது. மாதத்தின் இத்தனையாவது நாள் என்று எண்ணிக் கொண்டாடப்படும் விழாக்கள் இதில் அடங்கும். சூரிய மாதமும் ஆங்கில ஆண்டும் சூரியனையே பின்பற்றுவதால், இவை ஆங்கிலத் தேதியிலும் பெரிதாக நகர்வதில்லை.

ஆடி முதல் நாளில் சேலம், நாமக்கல், ஈரோடு, கரூர்ப் பகுதிகளில் தேங்காய் சுடும் வழக்கம் இருக்கிறது. மற்ற மாவட்டத்தார் பலர் இதைப் பார்த்திருக்க மாட்டார்கள் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். முற்றிய தேங்காயின் நாரை முழுவதும் நீக்கி, ஓட்டைத் தரையில் தேய்த்து வழவழப்பாக்குவார்கள். கண்ணைத் திறந்து நீரைக் கொஞ்சம் வெளியே எடுத்துவிட்டு, ஊறவைத்த பாசிப்பருப்பு, பச்சரிசி, வெல்லம், எள், பொட்டுக்கடலை, அவல் ஆகியவற்றை அந்தச் சிறு துளை வழியாகப் பொறுமையாக உள்ளே தள்ளுவார்கள். பிறகு சீவிய அழிஞ்சில் குச்சியின் கூர்முனையைத் துளையில் செருகி, மஞ்சள் பூசி, வாசலில் மூட்டிய தீயில் தேங்காயைத் திருப்பித் திருப்பிக் காட்டுவார்கள். ஓடு கருகி வெடிப்பு விடும்போது உள்ளே பூரணம் தேங்காய் நீரிலேயே வெந்திருக்கும். அதைப் பிள்ளையாருக்குப் படைத்துவிட்டு உடைத்து உண்பார்கள். பாரதப் போர் ஆடி முதல் நாளில் தொடங்கிப் பதினெட்டாம் நாளில் முடிந்தது என்பதும், போர் தொடங்கிய நாளின் நினைவாகவே தேங்காய் சுடுகிறோம் என்பதும் அப்பகுதி மக்களின் நம்பிக்கை. இலங்கையில் யாழ்ப்பாணத்துத் தமிழர்கள் அதே நாளை ஆடிப்பிறப்பு என்று கொண்டாடி, அரிசி மாவு, பயறு, தேங்காய்ப்பால், பனங்கட்டி சேர்த்த ஆடிக்கூழ் காய்ச்சுகிறார்கள், கொழுக்கட்டையும் அவிப்பார்கள்.

ஆடிப் பதினெட்டாம் நாள் ஆடிப்பெருக்கு. இது காவிரியின் நாள். தென்மேற்குப் பருவமழை ஜூன் முதல் மேற்குத் தொடர்ச்சி மலையில் பெய்கிறது. அந்த நீர் குடகிலிருந்து இறங்கி, ஒகேனக்கல், மேட்டூர், பவானி, திருச்சி வழியாகத் தஞ்சை வயல்களை எட்டிப் பெருகும் காலம் ஆடியின் நடுப்பகுதி. மழையும் பருவமும் சூரியனைப் பொறுத்தவை. ஆகவே ஆற்றின் பெருக்கைக் கொண்டாடும் விழா சந்திரனின் திதியைப் பார்க்காமல் சூரிய மாதத்தின் பதினெட்டாம் நாளில் நிலைகொண்டிருப்பது மிகப் பொருத்தம். 2023, 2024, 2025 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் ஆடிப்பெருக்கு ஆகஸ்ட் 3இல்தான் வந்தது. மேட்டூர் போன்ற பெரிய அணைகள் கட்டப்படுவதற்கு முந்தைய காலத்தில் வகுக்கப்பட்ட நாள் இது. மேட்டூர் அணை கட்டி முடிக்கப்பட்ட 1934க்குப் பிறகு, பாசனத்துக்கு அணையைத் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12 என்று அமைந்தாலும், மக்கள் ஆற்றங்கரைக்குச் செல்லும் நாள் மாறவில்லை.

திருச்சியில் அம்மா மண்டபப் படித்துறையில் அன்று காலை நிற்க இடம் கிடைக்காது. ஈரப் படியில் வாழையிலை விரித்து, மஞ்சளில் பிள்ளையார் பிடித்து வைத்து, காதோலை கருகமணி, பழம், பூ, ஊறிய பச்சரிசியில் வெல்லமும் எள்ளும் கலந்த காப்பரிசி ஆகியவற்றைப் பெண்கள் காவிரிக்குப் படைக்கிறார்கள். மஞ்சள் சரடை மூத்த பெண் ஒருவர் எல்லார் கழுத்திலும் கட்டிவிட, புதுமணப்பெண்கள் பழைய தாலிச் சரட்டை மாற்றிக்கொள்கிறார்கள். பிறகு புளியோதரை, எலுமிச்சை சாதம், தயிர்சாதம் என்று கலந்த சாதங்களைக் கரையில் அமர்ந்து உண்கிறார்கள். ‘ஆடிப் பட்டம் தேடி விதை’ என்பது இதே பருவத்தின் பழமொழி.

கிழமையால் வருபவை

இரண்டாவது விதி கிழமை. ஆடிச் செவ்வாய், ஆடி வெள்ளி, ஆடி ஞாயிறு ஆகியவற்றுக்குத் திதியும் நட்சத்திரமும் வேண்டியதில்லை; ஆடி மாதத்துக்குள் அந்தக் கிழமை வந்தால் போதும். 31 அல்லது 32 நாளில் ஒரு கிழமை நான்கு முறையோ ஐந்து முறையோ வரும். 2025இல் ஆடி வியாழக்கிழமை பிறந்ததால் ஐந்து வெள்ளிகள் கிடைத்தன.

இந்த நாட்கள் அம்மனுக்கு உரியவை. வட மாவட்டங்களில் ஆடி ஞாயிறுகளில் தெருவோர மாரியம்மன், கங்கையம்மன், எல்லையம்மன் கோயில்களில் கேழ்வரகுக் கூழ் காய்ச்சி, முருங்கைக்கீரையும் கருவாட்டுக் குழம்பும் சேர்த்து ஊருக்கெல்லாம் வார்ப்பார்கள். பெரியபாளையத்தில் வேப்பஞ்சேலை உடுத்தி வலம்வரும் பெண்களின் கூட்டம் ஞாயிறுதோறும் பெருகும். தென் மாவட்டங்களில் பெண்கள் மட்டுமே கூடி, ஆண் குழந்தைகளைக்கூட விலக்கி நடத்தும் ஔவையார் நோன்பு செவ்வாய்க்கிழமை இரவில் நடக்கும். ‘அசந்தால் ஆடி, தப்பினால் தை, மறந்தால் மாசி’ என்று அதற்கு உரிய மூன்று மாதங்களையும் நினைவில் வைக்க ஒரு சொலவடையே வைத்திருக்கிறார்கள்.

இதுவரை பார்த்த இரண்டு விதிகளிலும் சந்திரன் இல்லை. எனவே குழப்பமும் இல்லை. இனி வரும் இரண்டு விதிகளே மக்களைத் திணறவைக்கின்றன.

சந்திரன் வந்ததும் கணக்கு மாறுகிறது

ஒரு பெரிய கோயிலின் வட்டமான பிரகாரத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அதன் ஓரமாகச் சம இடைவெளியில் 27 தூண்கள் இருக்கின்றன. ஒரு பாட்டி கைத்தடி ஊன்றி மெதுவாக வலம்வருகிறார். அவர் ஒரு சுற்று முடிக்க ஓராண்டு ஆகிறது. அவருடைய பேரனோ ஓடிக்கொண்டே இருக்கிறான். ஒரு சுற்றை 27 நாளுக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் முடித்துவிடுகிறான். பாட்டி சூரியன், பேரன் சந்திரன், தூண்கள் நட்சத்திரங்கள்.

பேரன் இன்று எந்தத் தூணருகே இருக்கிறான் என்பதே அன்றைய நட்சத்திரம். ஏறக்குறைய நாளுக்கு ஒரு தூண் வீதம் அவன் கடக்கிறான். அசுவினி என்ற தூணில் தொடங்கி மீண்டும் அசுவினிக்கு வர 27.3 நாள் ஆகிறது.

பேரன் பாட்டியை விட்டு எவ்வளவு முன்னே சென்றிருக்கிறான் என்பது திதி. வட்டத்தின் 360 பாகைகளை முப்பதாகப் பகுத்தால் பன்னிரண்டு பாகைக்கு ஒரு திதி. பேரன் பாட்டியின் அருகில் வந்து சேரும்போது முப்பதாம் திதியாகிய அமாவாசை நிறைவுறுகிறது. பாட்டிக்கு நேர் எதிர்ப்புறத்தை அடையும்போது பௌர்ணமி நிறைவுறுகிறது. அமாவாசையிலிருந்து பௌர்ணமி வரை வளர்பிறை, பௌர்ணமியிலிருந்து அமாவாசை வரை தேய்பிறை. பேரன் ஒரு முழுச் சுற்று ஓடி முடிப்பதற்குள் பாட்டியும் கொஞ்சம் நகர்ந்துவிடுவதால், அவரை மறுபடியும் எட்டிப்பிடிக்க அவனுக்கு இன்னும் இரண்டு நாளுக்கு மேல் தேவைப்படுகிறது. அதனால்தான் ஓர் அமாவாசையிலிருந்து அடுத்த அமாவாசைக்கு 29.5 நாள் ஆகிறது.

ஆகவே நட்சத்திரம் என்பது சந்திரன் இருக்கும் இடம். திதி என்பது சந்திரனுக்கும் சூரியனுக்கும் உள்ள இடைவெளி. இந்த வேறுபாட்டை மட்டும் மனத்தில் நிறுத்திக்கொண்டால் மீதமுள்ள அனைத்தும் தெளிவாகும்.

திதியால் வருவது: ஆடி அமாவாசை

சூரியன் கடகத்தில் இருக்கும்போது சந்திரன் சூரியனை வந்தடையும் நாள் ஆடி அமாவாசை. சூரிய மாதமும் சந்திரனின் திதியும் இணைந்து குறிக்கும் நாள் இது. பன்னிரண்டு அமாவாசைக்கு 354 நாள்; சூரியனின் ஆண்டுக்கு 365 நாள். எனவே ஒவ்வோர் ஆண்டும் ஆடி அமாவாசை 11 நாள் அளவுக்கு முன்னே வருகிறது. 2023இல் ஆகஸ்ட் 16, 2024இல் ஆகஸ்ட் 4, 2025இல் ஜூலை 24. இப்படியே போனால் 2026இல் அது ஜூலை 13 அல்லது 14க்கு வரவேண்டும். ஆனால் அப்போது சூரியன் இன்னும் கடகத்தில் நுழைந்திருக்காது. அது ஆனி அமாவாசை. ஆகவே 2026இன் ஆடி அமாவாசை அதற்கடுத்த அமாவாசையாகிய ஆகஸ்ட் 12க்குத் தாவுகிறது. முன்னே முன்னே வந்துகொண்டிருந்த நாள் திடீரெனப் பின்னே போவதுபோல் தோன்றுவதற்கு இதுவே காரணம்.

சூரியன் தெற்கு நோக்கி நகரும் தட்சிணாயன காலத்தின் முதல் அமாவாசை என்பதால் முன்னோர் வழிபாட்டில் இதற்குத் தனி இடம் உண்டு. ராமேசுவரம் அக்னி தீர்த்தம், வேதாரண்யம், கன்னியாகுமரி ஆகிய கடற்கரைகளில் தர்ப்பணம் கொடுக்க மக்கள் விடியலிலேயே கூடுகிறார்கள். நெல்லையில் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குக் குடும்பத்தோடு சென்று காட்டில் குடில் அமைத்துத் தங்குகிறார்கள். திருவையாற்றில் அன்று அப்பருக்குக் கயிலைக் காட்சி கிடைத்த விழா நடக்கிறது. யாழ்ப்பாணத்தில் தந்தையை இழந்தவர்கள் இந்த நாளில் விரதமிருந்து கீரிமலையில் நீராடுகிறார்கள். தாயை இழந்தவர்களுக்கு அங்கே சித்திரைப் பௌர்ணமி. கேரளத்தில் இதே நாளைக் கர்க்கடக வாவு என்று ஆற்றங்கரைகளில் முன்னோருக்குப் பலி தர்ப்பணம் செய்து அனுசரிக்கிறார்கள்.

இந்த ஒரு நாளை அச்சாக வைத்து வேறு பெருவிழாக்களும் சுழல்கின்றன. யாழ்ப்பாணத்து நல்லூர்க் கந்தசுவாமி கோயிலின் 25 நாள் பெருந்திருவிழா ஆடி அமாவாசையிலிருந்து எண்ணி ஆறாம் நாளில் கொடியேறுகிறது. அதனால்தான் அது 2023இல் ஆகஸ்ட் 21, 2024இல் ஆகஸ்ட் 9, 2025இல் ஜூலை 29 என்று தாவியது.

நட்சத்திரத்தால் வருபவை

ஆடியில் நட்சத்திரத்தை வைத்து வரும் விழாக்கள் பல. ஆண்டாள் அவதரித்த ஆடிப்பூரம். அன்று ஸ்ரீவில்லிபுத்தூரில் பெரிய தேர் ஓடும். சிவன் கோயில்களில் அம்பாளுக்கு வளையல் அடுக்கி வளைகாப்பு நடக்கும். சுந்தரமூர்த்தி நாயனாரின் குருபூசை நாளாகிய ஆடிச் சுவாதி. உத்திராட நட்சத்திரத்தில் சங்கரன்கோவிலில் கோமதி அம்மனுக்கு நிகழும் ஆடித்தபசு. முருகனுக்குரிய ஆடிக்கிருத்திகை, அன்று திருத்தணி மலையெங்கும் காவடிகள்.

இவை மாதத்துக்குள் தாறுமாறாக வருவதாகத் தோன்றினாலும் இவற்றுக்குள் மாறாத ஓர் ஒழுங்கு இருக்கிறது. ஆடியில் பாட்டி கடகப் பகுதியை விட்டு நகர்வதில்லை. பூரம் என்ற தூண் கடகத்துக்கு அடுத்த சிம்மத்தில் இருக்கிறது. ஆகவே பேரன் பூரத்தைத் தொடும்போது பாட்டியைச் சற்று முன்புதான் கடந்து வந்திருப்பான். அதாவது ஆடிப்பூரம் எப்போதும் அமாவாசை கழிந்த சில நாட்களில், வளர்பிறையின் இரண்டாம் திதியாகிய துவிதியைக்கும் ஐந்தாம் திதியாகிய பஞ்சமிக்கும் இடைப்பட்டே வரும். 2024இல் அமாவாசை ஆகஸ்ட் 4, பூரம் ஆகஸ்ட் 7. 2025இல் அமாவாசை ஜூலை 24, பூரம் ஜூலை 28. ஆண்டாளின் பிறந்தநாளில் பௌர்ணமி நிலவை ஒருபோதும் பார்க்க முடியாது.

பூரத்திலிருந்து நான்காம் நட்சத்திரம் சுவாதி. அது வளர்பிறை அட்டமியை ஒட்டி வரும். அதிலிருந்து ஆறாவது உத்திராடம். அது கடகத்துக்கு ஏறக்குறைய நேர் எதிரே இருப்பதால் ஆடித்தபசு பௌர்ணமியை ஒட்டியே அமையும். அதிலிருந்து ஒன்பதாவது கிருத்திகை. அது தேய்பிறை அட்டமிக்கும் ஏகாதசிக்கும் இடையே வரும். பிறகு மீண்டும் அமாவாசை. இந்த வளையம் ஆண்டுதோறும் அப்படியே இருக்கிறது. ஆடி பிறக்கும்போது சந்திரன் வளையத்தின் எந்தப் புள்ளியில் நிற்கிறது என்பது மட்டுமே மாறுகிறது. அதனால் சில ஆண்டுகளில் மாதத் தொடக்கத்தில் கிருத்திகையும் பிறகு அமாவாசையும் பூரமும் வரும்; வேறு சில ஆண்டுகளில் தபசு முதலில் வந்து, பூரம் கடைசிப் பகுதிக்குப் போய்விடும். ஆடி விழாக்களைப் பற்றி ஒரே ஒரு செய்தியைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால், இந்த வளையத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள் என்பேன்.

இரண்டு முறை வந்தால் எந்த நாள்?

ஆடிக்கு 31 நாளுக்கு மேல். சந்திரன் எல்லா நட்சத்திரங்களையும் சுற்றிவர 27.3 நாள். ஆகவே மாதத்தின் முதல் நான்கு நாட்களில் வந்த நட்சத்திரம் மாதக் கடைசியிலும் வர இடமுண்டு. 2025இல் அப்படித்தான் ஆடி 4 ஆகிய ஜூலை 20இலும், ஆடி 31 ஆகிய ஆகஸ்ட் 16இலும் கிருத்திகை வந்தது. அமாவாசைக்கு இடைவெளி 29.5 நாள் என்பதால் அது இரண்டு முறை வருவது அரிது. 2023இல் ஜூலை 17, ஆகஸ்ட் 16 என்று ஆடியின் முதல் நாளிலும் 31ஆம் நாளிலும் அமாவாசை வந்தது. அதற்குப் பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன் 2004இலும் ஆடியில் இரண்டு அமாவாசைகள் இருந்தன. ஏறக்குறைய 19 ஆண்டுக்கு ஒருமுறை சந்திரனின் நிலைகள் அதே சூரியத் தேதிகளுக்குத் திரும்புவதே இதன் காரணம்.

இப்படி இரண்டு வரும்போது பின்னால் வருவதை எடுத்துக்கொள்வதே பொதுவான வழக்கம். ஆனாலும் சில கோயில்களில் முந்தைய நாளை எடுப்பதுண்டு; அந்தந்தக் கோயிலின் ஆகமமும் மரபும் அதைத் தீர்மானிக்கின்றன. இதனோடு, வாக்கியம், திருக்கணிதம் என்ற இருவகைப் பஞ்சாங்கங்களுக்கு இடையே ஒரு திதி தொடங்கும் நேரத்தில் சில மணி நேர வேறுபாடு வருவதால், ஒரே விழா இரண்டு கோயில்களில் அடுத்தடுத்த நாட்களில் நடப்பதும் உண்டு. வாக்கியம் பழைய சூத்திரங்களின்படி கணிப்பது. திருக்கணிதம் இன்றைய வானியல் அளவீடுகளின்படி திருத்திக் கணிப்பது. உங்கள் குடும்பமும் உங்கள் ஊர்க் கோயிலும் எதைப் பின்பற்றுகின்றனவோ அதைப் பின்பற்றுவதே முறை. அடுத்த வீட்டார் வேறு நாளில் கொண்டாடினால் அவர்கள் தவறு செய்வதாக எண்ணவேண்டியதில்லை.

ஆடியில் வந்தாலும் ஆடிக்கு உரியவை அல்லாதவை

வரலட்சுமி விரதத்தைப் பலர் ஆடி மாத விழா என்று நினைக்கிறார்கள். அது சந்திர மாதமாகிய சிராவணத்தின் பௌர்ணமிக்கு முன்வரும் வெள்ளிக்கிழமைக்கு உரியது. அதனால் 2024இல் ஆகஸ்ட் 16, 2025இல் ஆகஸ்ட் 8 என்று ஆடியில் வந்தது. 2023இல் ஆகஸ்ட் 25இல், ஆவணியில் வந்தது. கருட பஞ்சமியும் இதே வகை. இவற்றின் தேதியைத் தேட ஆடியின் எல்லையைப் பார்ப்பது பயன்தராது.

தட்சிணாயனமும் ‘ஆகாத மாதம்’ என்ற பேச்சும்

ஆடி முதல் நாள் தட்சிணாயனத்தின் தொடக்கம் என்று சொல்கிறோம். தட்சிணாயனம் என்பது சூரியன் தெற்கு நோக்கி நகரும் ஆறு மாதம். ஆனால் வானில் சூரியன் வட எல்லையைத் தொட்டுத் தெற்கே திரும்புவது ஜூன் 21ஐ ஒட்டியே நிகழ்கிறது. ஆடி பிறப்பதோ அதற்கு 25 நாள் அளவுக்குப் பின். பூமியின் அச்சு பம்பரம்போல் மிக மெதுவாகத் தலைசுற்றுவதால், நட்சத்திரங்களை வைத்து வகுத்த ராசிகளும் பருவங்களும் ஏறக்குறைய 72 ஆண்டுக்கு ஒரு பாகை வீதம் விலகிக்கொண்டே வருகின்றன. சுமார் 1700 ஆண்டுகளுக்கு முன் இரண்டும் ஒரே நாளில் பொருந்தியிருந்தன. நம் நாட்காட்டி நட்சத்திரங்களோடு நின்றுவிட்டது, பருவம் நகர்ந்துவிட்டது. தட்சிணாயனப் புண்ணிய காலத்தை ஆடி முதல் நாளில் அனுசரிப்பது மரபின் தொடர்ச்சி. அதை மரபாக மதிப்பதும், வானில் நடப்பதை அறிந்துவைத்திருப்பதும் ஒன்றோடொன்று முரண்படுவதில்லை.

ஆடியில் திருமணம் செய்வதில்லை, புதுமணத் தம்பதியைப் பிரித்துவைக்கிறார்கள் என்பதால் இந்த மாதமே கெட்டது என்று பேசுவோர் உண்டு. இது எனக்கு ஏற்புடையதன்று. புதுமணப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைப்பதற்கு, ஆடியில் கருவுற்றால் சித்திரை வெயிலில் பிரசவம் நேரும் என்ற காரணத்தைச் சொல்வார்கள். அது அந்தத் தம்பதியைப் பற்றிய அக்கறையே தவிர மாதத்தின் மேல் சுமத்தப்பட்ட குற்றமன்று. மருமகனை அழைத்து ஆடிப்பால் கொடுத்துச் சீர் செய்வதும் இதே மாதத்தில்தான். உழவுக் குடும்பங்களில் கையிருப்பு முழுவதும் விதைக்கும் ஏருக்கும் போயிருக்கும் நேரத்தில், ஊரே அம்மனுக்குக் காப்புக் கட்டியிருக்கும் நேரத்தில், கல்யாணச் செலவைத் தள்ளிவைத்தது இயல்பானது. ஒரு மாதம் முழுவதையும் தெய்வத்துக்கும் முன்னோருக்கும் ஆற்றுக்கும் ஒதுக்கிவைத்தவர்கள் அதைத் தீயதாகக் கருதியிருக்க முடியாது.

காலண்டர் தாளில் கண்டுபிடிப்பது

2025 ஜூலை 24ஆம் தேதிக்கான தினசரித் தாளை எடுத்துக்கொள்வோம். விசுவாவசு ஆண்டு, ஆடி 8, வியாழக்கிழமை என்று மேலே இருக்கும். கீழே சிறிய எழுத்தில் திதி அமாவாசை என்றும், நட்சத்திரம் மாலை வரை புனர்பூசம், பிறகு பூசம் என்றும் இருக்கும். நான்கு விதிகளும் இந்தச் சிறு தாளில் அடங்கிவிட்டன: மாத நாள், கிழமை, திதி, நட்சத்திரம். சந்திரன் சூரியனை எட்டும் தருணத்தில் இரண்டும் ஒரே நட்சத்திரத்தில் இருக்கும் என்பதால், ஆடி அமாவாசையன்று புனர்பூசம், பூசம், ஆயில்யம் ஆகிய மூன்றில் ஒன்றே பெரும்பாலும் அச்சிடப்பட்டிருக்கும் என்பதையும் நீங்கள் சரிபார்க்கலாம். கடக ராசிக்குள் முழுவதுமாகவோ ஒரு பகுதியாகவோ அடங்குபவை அவைதாம்.

2026க்கு இதைச் செய்து பாருங்கள். ஜூலை 17 ஆடி 1 என்று வைத்துக்கொண்டால் ஆகஸ்ட் 3 ஆடிப்பெருக்கு. ஆகஸ்ட் 12 அமாவாசை என்பது மாதத்தின் கடைசிப் பகுதி; ஆகவே ஆடித்தபசுக்கு உரிய பௌர்ணமியும் காவடிக்கு உரிய தேய்பிறைக் கிருத்திகையும் அந்த ஆண்டு அமாவாசைக்கு முன்பே வந்துவிடும். நல்லூரில் கொடியேற்றம் எப்போது என்று தேட அமாவாசையிலிருந்து ஆறு எண்ணினால் ஆகஸ்ட் 17 வரும்.